சிவப்பு லைட் எரியுது, பேசாதீங்கக்கா

…இல்லக்கா, நீங்க பேசக் கூடாது. தலையக்கூட ரொம்ப ஆட்டாதீங்க. அதான் இங்க ரூல். மேசமேல அந்த செவப்பு லைட் எரியிற வரைக்கும் அம்மாவானாலும் அப்பாவானாலும் மூலையில அந்தச் சேர்ல பொம்ம மாதிரி உக்காந்திருக்கணும். கொழந்த வந்து மடியில வுழுந்தாக்கூட ஒரு சிரிப்பு, அவ்ளோதான். நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னு வெச்சிக்கங்க, புள்ள அதையே திருப்பிச் சொல்லும். அப்பறம் இது கொழந்தையோட சொந்தப் பேச்சா, அம்மா எடுத்துக் குடுத்ததான்னு எங்க மஹதி மேடம் என்னத்தான் கேப்பாங்க. எது நடந்தாலும் என்னத்தான் கேப்பாங்க. இந்த லேப்ல செவுத்துல பல்லி கத்தினாக்கூட, மணிமொழி, அது ஏன் கத்திச்சுன்னு ஒரு கேள்வி வரும்.

மணிமொழி நான்தான்க்கா. போன்ல பேசினனே, அது நான்தான். நீங்ககூட ‘எங்காத்துல வாய் ஓயாம பேசிண்டே இருப்பான், வெளில வந்தாத்தான் கொஞ்சம் கூச்சம்’னு சொன்னீங்க. எல்லா அம்மாவும் அதேதான் சொல்றாங்க. வீட்ல பேசுது, மொட்ட மாடில பேசுது, லிஃப்ட்ல பேசுது. கொண்டாந்து என் முன்னாடி உக்கார வெச்சா மட்டும் வாயில கொழுக்கட்ட. இன்னா ராசியோ தெரியல.

ஃபேன் போட மாட்டேன், கோச்சுக்காதீங்க. ஃபேன் போட்டா ரெகார்டிங்ல வண்டு பறக்குற மாதிரி கேக்கும். ஏசி அதுக்கும் மேல. மே மாசம், கோபாலபுரம், பழைய பங்களாவோட மாடி ரூம், செவுரு பூரா முட்ட ட்ரே மாதிரி ஸ்பான்ஜு… இட்லி குண்டான்ல உக்காந்து ஆராய்ச்சி பண்றோம்க்கா நாங்க. சென்னைப் புள்ளைங்க எப்பிடிப் பேசக் கத்துக்குதுன்னு. வேர்வையிலதான் கத்துக்குதுன்னு நான் சொல்லிடுவேன், யாரு கேக்குறா.

ஆமா கண்ணா, பஸ்ஸு. பஸ்ஸுதான். செவப்பு பஸ்ஸு. ஜோரா கீதுல்ல? நான்தான் வாங்கினேன், ரங்கநாதன் தெருவுல. அந்தக் கூட்டத்துல பஸ்ஸத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிக்கினு மாம்பலம் ஸ்டேஷன் வரைக்கும் வந்தேன், எல்லாரும் நான் ஏதோ கோயிலுக்கு நேந்துக்கினு போறேன்னு வழி வுட்டாங்க. நீ வெளையாடு. பேசணும்னா பேசு, ஒண்ணும் அவசரமில்ல.

பாத்தீங்களாக்கா, பஸ்ஸ எடுத்து வெச்சிக்கினு என் மூஞ்சியவே பாக்குறான். பேச்சக் காணோம்.

நான் இங்க வேலைன்னு சொல்லிக்கிறனே தவிர, காலேஜ்ல சைக்காலஜி கடைசி வருஷம்தான். பேருக்கு ரிசர்ச் அசிஸ்டென்ட். கழுத்துல கார்டு. எங்கம்மா அந்தக் கார்ட வீட்ல சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருக்குது, காலைல அதுக்கும் சேத்து கற்பூரம் காட்டுது. செய்யிற வேல இன்னான்னு அதுக்குத் தெரியாது. எச்சி தொடைக்கிறதுதான்க்கா. ஒவ்வொரு புள்ள போனப்பறமும் ஒவ்வொரு பொம்மையும் ஸ்பிரிட் போட்டுத் தொடைக்கணும். மாட்டு மூக்கு, கோழி வாலு எல்லாம். கோழி வாலத்தான் எல்லாப் புள்ளையும் கடிக்குது, இன்னா ருசியோ. இதுக்கு மேல பெத்தவங்களுக்கு போன் போடணும், கையெழுத்து வாங்கணும், ரெகார்டிங் பண்ணணும், அப்பறம் அத வாரக் கணக்குல கேட்டுக் கேட்டு டைப் பண்ணணும். அதுல ரெகார்டிங் ஒண்ணுதான் எனக்குப் புடிச்ச வேல. அதுக்குத்தான் இப்ப ஆப்பு.

சொல்லக் கூடாதுதான், நீங்க பார்ட்டிசிபென்ட் தரப்பு. ஆனா யாரு கிட்டக்கா சொல்றது? மேடம் தரமணில ஏதோ மீட்டிங்ல இருக்காங்க. தமிழ்மாறன்னு ஒருத்தரு, பிஎச்டி பண்றவரு, தங்கச்சி நிச்சயதார்த்தம்னு லீவு. செவுத்துல கீற அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி எப்பவும் யாராவது உக்காந்து நம்மளப் பாத்துக்கினு இருப்பாங்க, இன்னிக்கு யாரும் இல்ல. அதான் தைரியமா சொல்றேன். போன வாரம் மேடம் கூப்ட்டு சொல்லிட்டாங்க. உன் ரெகார்டிங்ல புள்ளைங்க பேசவே மாட்டேங்குது, ஒண்ணுகூட ஆராய்ச்சிக்கு ஆகல. அடுத்த கொழந்த ஷ்ரவண். அவனும் பேசலன்னா இனிமே நீ இந்த ரூமுக்குள்ள வர வேணாம். பின் ரூம்ல ஹெட்போன மாட்டிக்கினு டைப் மட்டும் பண்ணு. ஸ்பீச் தெரபி மேல்படிப்புக்கு நான் சிபாரிசு லெட்டர் எழுதிக் குடுக்குறதப் பத்தியும் அப்பறமா யோசிக்கலாம்னாங்க. ‘அப்பறமா யோசிக்கலாம்’னா இன்னா அர்த்தம்னு எங்க ராயப்பேட்டைல பொறந்த கொழந்தைக்கும் தெரியும்க்கா.

அதனால உங்க புள்ளதான் இன்னிக்கு எனக்குக் கொலசாமி. சாமி வாயத் தொறக்க மாட்டேங்குது.

ஏங்க்கா கைய ஆட்றீங்க? கொசுவா? பகல்லயே வந்துடும். பக்கத்துல ஒரு வீட்ட இடிச்சி மாசக் கணக்காப் போட்டு வெச்சிருக்காங்க, அந்தத் தண்ணில வளருது. ஆனா அடிக்காதீங்க, அடிச்சா அந்தச் சத்தமும் பதிவாயிடும். கடிச்சிட்டுப் போவட்டும், லைட்டு அணைஞ்சதும் மொத்தமா சொறிஞ்சிக்கலாம். நாங்கல்லாம் அப்பிடித்தான்.

புள்ளைங்களச் சொல்லியும் குத்தமில்லக்கா. இங்க வெச்சிருந்த சாமானப் பாத்திருந்தீங்கன்னா நீங்களே பேச மாட்டீங்க. போன வருஷம் வரைக்கும் வெளிநாட்டுலேந்து வந்த படம். கையொற. கணப்பு அடுப்பு. பனியில செஞ்ச மனுசன். படத்தக் காட்டி, இது என்னன்னு கேக்கணும். பனி மனுசனக் காட்டினேன், ஒரு வாண்டு நல்லா உத்துப் பாத்துட்டு ‘திருஷ்டி பூசணி’ன்னுச்சு. இன்னா தப்பு சொல்லுங்க… இல்ல, சொல்லாதீங்க. வெள்ளையா உருண்டையா கீது, கண்ணு மூக்கு வரைஞ்சி வெச்சிருக்கான், வாசல்ல தொங்கவுட்டா பூசணிக்காதானே. தப்புன்னு போடச் சொல்லி இருந்துது. நான் சண்ட போட்டேன். மேடமும் யோசிச்சாங்க. ஆமா, நம்ம மண்ணுக்கு ஏத்த மாதிரி பொம்ம செய்யணும்னு ஒரு குழு போட்டாங்க. குழுவுல எல்லாரும் அறுபது தாண்டினவங்க. மாட்டு வண்டி, ஏரு, கூர வீடு, கெணறு. நல்ல மரத்துல, கைவேல, தூக்கவே முடியாது. மாட்டு வண்டியப் பாத்து ஒரு கொழந்த ‘கல்யாண மண்டபம்’னுச்சு, வாசல்ல அலங்காரத்துக்கு நிக்கிறத அங்கதான் பாத்துச்சாம். கூர வீட்டப் பாத்து அடையார்லேந்து வந்த புள்ள ஒண்ணு ‘ரிசார்ட்’ன்னுது. கெணறு… கெணறு தான் கண்ணா அது, நீ கைய வுட்டுப் பாக்குறியே, அது… கெணத்துக்கு இதுவரைக்கும் பாதிப் புள்ளைங்க சொன்ன பதிலு ‘சம்ப்பு’. சம்ப்புன்னா சம்ப்புதான். மெட்ராஸ்ல தண்ணி எங்கேந்து வருது, மூடியத் தொறந்தா சம்ப்புலேந்துதான வருது. அதனாலதான் நான் போயி அந்த பஸ்ஸ வாங்கிக்கினு வந்தேன். பஸ்ஸப் பாத்தாவது நாலு வார்த்த வரட்டும்னு.

இரு கண்ணா, அக்கா அம்மாகிட்ட பேசிக்கினு கீறேன்ல. வெளையாடு. சமத்து.

அப்பறம் பெத்தவங்க. உங்களச் சொல்லலக்கா, நீங்க எவ்ளோ அமைதியா இருக்கீங்க. நேத்து தி.நகர்லேந்து ஒருத்தரு வந்தாரு. கையில ஃபைலு. ஆதாரு, தடுப்பூசி அட்ட, கொழு கொழு கொழந்தப் போட்டில ரெண்டாம் பரிசு வாங்கின சர்ட்டிபிகேட்டு, அதையும் லேமினேட் பண்ணி. நான் சொல்றேன், சார் இது ஸ்கூல் இல்ல, இது ஆராய்ச்சி, இங்க பாஸும் இல்ல பெயிலும் இல்லன்னு. அவரு சிரிக்கிறாரு. எல்லாரும் ஆரம்பத்துல அப்பிடித்தாம்மா சொல்வாங்க, சீட்டு எப்ப கன்ஃபர்ம் ஆகும்னு கேக்குறாரு. அந்தப் புள்ள உள்ள வந்துச்சு, கையக் கட்டிக்கினு நின்னுது, கண்டங்களோட பேரெல்லாம் சொல்லிச்சு, அண்டார்டிக்கா வரைக்கும். சொல்லி முடிச்சி, பொம்மையப் பாத்து ‘மே ஐ டச்’ன்னுது. நான் அழுதுட்டேன்க்கா. வீட்ல இன்னா மொழி பேசுவீங்கன்னு கேட்ட எடத்துல அவரு ‘தமிழ், நூறு சதவீதம்’னு எழுதியிருந்தாரு.

நீங்களும் ஃபைல் கொண்டாந்திருக்கீங்கதான். மடியில தெரியுது. பரவால்ல, வெச்சிக்கங்க. சூடா இருந்தா அதால விசிறிக்கலாம், சத்தம் வராம.

தண்ணியா வேணும்? வாயக் காட்றீங்களே. அவன் வாயா? அவனுக்குத் தண்ணியா? இப்ப குடுத்தா ஒடனே பாத்ரூம் கேப்பான், பாத்ரூம் கீழ. கொஞ்சம் பொறுத்துக்கங்கக்கா, முடியப் போவுது. இந்த சைகையும் கூடாதுன்னு சொன்னனே. கொழந்த உங்களப் பாத்துப் பாத்து சைகைலயே பழகிடும், அப்பறம் நான் அதை எப்பிடி டைப் பண்றது.

எதுல வுட்டேன்? ஆங், பேசாத புள்ளைங்க. எங்க தெருவுல தேவானக்கான்னு இருந்தாங்க, ஆத்தோரம் வீடு, இப்ப காலி பண்ணி பெரும்பாக்கத்துக்கு அனுப்பிட்டாங்க. வேலைக்கு இன்னும் ராயப்பேட்டைக்குத்தான் வருது பாவம், ரெண்டு பஸ்ஸு மாறி. அதுக்கு ஒரு பொண்ணு, நிலான்னு, மூணு வயசு. அது பேசுற பேச்சுக்கு கண்டக்டரே டிக்கெட் குடுக்க மறந்து நிப்பாரு. நான்தான் மேடம்கிட்ட பெருமையா சொன்னேன், எங்க ஏரியா புள்ள ஒண்ணு இருக்குது, கொண்டாறேன், பாருங்கன்னு. தேவானக்கா ஒரு நாள் லீவு போட்டு, புது கவுன் போட்டுக் கூட்டியாந்துச்சு. இதே பாயி, இதே மாடு, இதே கோழி. நான் எவ்ளோ பிரியமா பேசுறேன். நிலா, மாடு பாரு, மாடு இன்னா சொல்லும், மாடு அம்மான்னு சொல்லும், உங்க பழைய வீட்டுக்கிட்ட ஒரு மாடு கட்டியிருப்பாங்களே, அந்த சாக்குக் கடக்காரர் மாடு, அது ஒரு நாள் உங்கம்மா பொடவைய மேஞ்சிதேன்னு… எல்லாத்தையும் நானே ஞாபகப்படுத்துறேன் அதுக்கு. ரெகார்டிங் முழுக்க அது சொன்னது ‘அம்மா’, அப்பறம் ‘போலாம்’. அவ்ளோதான். தேவானக்காவுக்கு அவமானமா போச்சு. எனக்குத் தெரு முன்னாடி தல காட்ட முடியல.

இத கேளுங்க. மறுவாரம் அதே நிலாவ தமிழ்மாறன் எடுத்தாரு. அவரு பேசவே மாட்டாரு. ஆடு முழிக்கிற மாதிரி முழிச்சிக்கினு பாயில உக்காந்திருப்பாரு, ஒரு பொம்மைய நவுத்தி வெப்பாரு, சும்மா இருப்பாரு. நான் கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து பாக்குறேன், எனக்கே சங்கடமா கீது. இன்னாடா இது, வந்த கொழந்தைய இப்பிடியா உபசரிப்பாங்கன்னு. அந்தப் பொண்ணு மெதுவா அவரு பக்கத்துல நவுந்து, புது வீட்ல லிஃப்ட் ஓடலன்னு ஆரம்பிச்சிது. பழைய வீட்ட இடிக்கும்போது பூன உள்ள இருந்துதாம். அந்தப் பூன வந்துச்சா வரலயான்னு… நிறுத்தவே இல்ல. தமிழ்மாறன் சட்டைய புடிச்சிக்கினு சொல்லுது. இன்னா மாயமோ மந்திரமோ. மொகராசின்னு சொல்லலாம்னா அப்பிடி ஒண்ணும் மொகமும் இல்ல.

கெணத்துக்குள்ளயா கண்ணா போட்ட பஸ்ஸ? அச்சோ. சரி சரி, அக்கா அப்பறமா எடுத்துத் தரேன். இரு.

மேடம் அதுக்கு ஒரு படம் போட்டுக் காட்டினாங்கக்கா, கம்ப்யூட்டர்ல. ரெகார்டிங்ல பெரியவங்க பேசுற எடமெல்லாம் நீலம், கொழந்த பேசுற எடமெல்லாம் ஆரஞ்சு. தமிழ்மாறனோடது பாத்தா சாத்துக்குடி கட மாதிரி கீது. என்னோடது நீலம். மெரினால நின்னு பாத்தா தெரியுமே, அந்த மாதிரி நீலம். அங்க ஒண்ணு இங்க ஒண்ணு ஆரஞ்சு, கடலுக்குள்ள கட்டுமரம் போன மாதிரி. கலர் மாறிப் போச்சா மேடம்னு கேட்டேன். அவங்க கண்ணாடியக் கழட்டி மேசமேல வெச்சிட்டாங்க. கண்ணாடியக் கழட்டினா கோவம்னு அர்த்தம். மணிமொழி, கத கேக்குறவங்க என்ன பண்ணுவாங்க? ‘ம்’ கொட்டுவாங்க. கொஞ்சம் நின்னுச்சுன்னா ‘அப்பறம்’பாங்க. உனக்கு இந்த ரூம்ல அந்த ரெண்டு வார்த்ததான் வேலன்னாங்க. 

ரெண்டு வார்த்த. மூணு வருஷம் காலேஜ்ல படிச்சி, அத்தன பரிட்ச எழுதி, ‘ம்’ கொட்டணும். நம்ம வீட்டுக்கு ஒரு சின்னப் புள்ள வருது, நாம வாய மூடிக்கினு ‘ம்’னு உக்காந்திருந்தா அதுக்கு இன்னா தோணும்? நம்மளப் புடிக்கலன்னு நெனைக்காது? அதுக்குப் பேச்சு வரணும்னா நாம பேச வேணாமா? அவங்கல்லாம் நெறைய படிச்சவங்கக்கா. ஒரு கட்டத்துக்கு மேல படிச்சா சாதாரண விஷயம் புரியாமப் போயிடுது.

எனக்குத் தெரியாதா பேச்சு வராத புள்ளையப் பத்தி. எங்க தம்பி புகழேந்தி நாலு வயசு வரைக்கும் பேசல. அதனாலதான் நானே இந்தப் படிப்புக்கு வந்தது. எங்க வீடு எப்பிடின்னா, அப்பா ஆஸ்பத்திரி வாசல்ல பழக்கட, கூவிக் கூவிப் பழக்கம், வீட்ல உப்பு கேட்டாக்கூட மூணாவது வீட்டுக்குக் கேக்கும். அம்மா, பெரியம்மா, நானு, எங்கக்கா, எல்லாரும் ஒரே நேரத்துல பேசுவோம். அப்பதான் வேல நடக்கும். புகழு மட்டும் நடுவுல உக்காந்துக்கினு எங்க ஒவ்வொருத்தர் வாயா பாத்துக்கினு இருப்பான். அவனுக்குப் பசின்னா எங்கக்கா சொல்லிடுவா, தூக்கம்னா நான் சொல்லிடுவேன். அம்மா போகாத கோயில் இல்ல. தேன் தடவினாங்க, மணி கட்டினாங்க. கடைசில முண்டகக்கண்ணி அம்மனுக்கு வேண்டிக்கிச்சு. அந்த வாரமே பாருங்க, வீட்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல தொண்ட கட்டிக்கிச்சு. ஏதோ காய்ச்சல் சுத்திக்கினு இருந்துது. ஒருத்தருக்கும் சத்தம் வரல, அப்பா கட தொறக்கல, வீடே சாவு வீடு மாதிரி கெடக்குது. நாங்க கையால சாடை காட்டிக்கினு சோறு துன்னுக்கினு இருக்கோம். புகழு கிண்ணத்தக் கீழ வெச்சான். வெச்சிட்டு சொன்னான், ‘படிக்கட்டுக்குக் கீழ நாயி குட்டி போட்டுது.’ அப்பிடியே முழு வாக்கியம். நாங்க ஓடிப் போயிப் பாத்தா, குட்டிங்கல்லாம் கண்ணு தொறந்து நடந்துக்கினு இருக்குது. எவ்ளோ நாளா மனசுல வெச்சிருந்தானோ.

அம்மன் சக்திக்கா. இன்னிக்கும் எங்கம்மா வருஷா வருஷம் பொங்கல் வெக்கிது. இதை மேடம்கிட்ட சொன்னேன். அவங்க என்னயே ரொம்ப நேரம் பாத்தாங்க. கண்ணாடிய மாட்டிக்கினு போயிட்டாங்க.

உக்காருங்கக்கா, உக்காருங்க. எழுந்திரிக்கக் கூடாது. அவன் என்ன இழுத்தா இழுத்துட்டுப் போறான், என் துப்பட்டாதானே, பழசுதான். இருமலா? அடக்கிக்கங்க. இல்லன்னா ‘அம்மா இருமல்’னு நான் டைப் பண்ணணும். நெசமாத்தான். யாரு ரெகார்டிங் பண்றாங்களோ அவங்களேதான் டைப் பண்ணணும், ஒரு முக்கல் முனகல் வுடாம. இருமல், தும்மல், வெளிய காய்கறி வண்டிக்காரன் மைக்குல கூவுறது, எல்லாம். அதுலயும் நாம பேசினது ஒண்ணு வுடக் கூடாது. ‘வந்து’ன்னா ‘வந்து’, ‘ஆங்’னா ‘ஆங்’. சனிக்கெழம பூரா எனக்கு அதான் வேல. மத்தவங்கல்லாம் மத்தியானமே முடிச்சிட்டு பாண்டி பஜார் போறாங்க, நான் சாயங்காலம் வரைக்கும் ஹெட்போன் மாட்டிக்கினு அடிச்சிக்கினே இருக்கேன். எங்கேந்துதான் அவ்ளோ வருதோ. என் குரல எனக்கே கேக்கப் புடிக்காமப் போச்சு. கீச்சுன்னு, நிறுத்தாம… எனக்கு மட்டும் ஏன் இவ்ளோ டைப்பிங்னு தமிழ்மாறன்கிட்ட கேட்டேன். அவரு ‘ம்’ன்னாரு.

ஆச்சு. டைம் ஆச்சுக்கா. லைட்ட அணைச்சிட்டேன். இப்ப நீங்க பேசலாம், தாராளமா பேசலாம். ஆனா ஒரு நிமிஷம் இருங்க, சத்தம் ஒழுங்கா விழுந்திருக்கான்னு போட்டுப் பாத்துடறேன், அதுவும் ரூல்தான். உங்க புள்ள ஒரு வார்த்த சொல்லலக்கா. போச்சு. நாளைலேந்து நான் பின் ரூம்தான். அவன் மேல கோவம் இல்ல, அவன் இன்னா பண்ணுவான். கன்னத்தக் காட்டு கண்ணா… போவட்டும், வர மாட்டேங்குறான். இருங்க, போடறேன்.

‘இட்லி குண்டான்ல உக்காந்து…’ இது நானு. சத்தம் நல்லா விழுந்திருக்குது. தள்ளிப் போடறேன். ‘திருஷ்டி பூசணி…’ இதுவும் நானு. இன்னும் தள்ளி. ‘சம்ப்புன்னா சம்ப்புதான்.’ நானு. இது… இதுவும்… நான் இன்னாக்கா இவ்ளோ…

இருங்க. பின்னாடி இன்னாமோ கேக்குது. பக்கத்து ரூமா? இல்லியே. திரும்பப் போடறேன்.

‘…பஸ்ஸு…’ இவன் குரல்தான்க்கா. இவன்தான். சொல்லியிருக்கான். இப்ப பாருங்க, ‘பஸ்ஸு கெணத்துல போச்சு, ஏன்னா பஸ்ஸுக்கு…’ ஏன்னா. ஏன்னான்னு சொல்றான்க்கா, ரெண்டர வயசுல ‘ஏன்னா’ சொன்னா எங்க மேடம் லேப்ல எல்லாருக்கும் சமோசா வாங்கித் தருவாங்க. பஸ்ஸுக்கு இன்னா? பஸ்ஸுக்கு இன்னாடா கண்ணா ஆச்சு? ‘பஸ்ஸுக்கு…’

‘இரு கண்ணா, அக்கா அம்மாகிட்ட பேசிக்கினு கீறேன்ல.’

…

இது நானு.

அடுத்தது. ‘…அக்கா, பஸ்ஸுல மாடு…’ அதுக்கு மேல நான், தேவானக்கா, பெரும்பாக்கம். மறுபடியும் ‘அக்கா, அக்கா, கேளு.’ அதுக்கு மேல நானு. துப்பட்டாவப் புடிச்சி இழுத்தானே, அப்ப சொல்லியிருக்கான். முழுசா, நீளமா சொல்லியிருக்கான். கத முடிஞ்சிடிச்சு போல. ஒரு வார்த்த புரியல. எல்லாத்து மேலயும் நான் நாய்க்குட்டி கத சொல்லிக்கினு இருக்கேன்.

அக்கா, நீங்க எதுக்குக்கா பாத்துக்கினு இருந்தீங்க? கொசு இல்லியா அது? வாயக் காட்டினது தண்ணிக்கு இல்லியா? நீங்களாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. புள்ள பேசுது, நீ வாய மூடுடின்னு. ரூலாவது மண்ணாவது. படிச்சவங்க நீங்க. நான் பேசக் கூடாதுன்னு சொன்னா அப்பிடியே பேசாம இருந்துடறதா? எங்கம்மாவா இருந்திருந்தா அந்த ஃபைலாலயே என் தலையில ஒண்ணு போட்டிருக்கும்.

சரி. சரி, வுடுங்க. ஒண்ணு பண்ணலாம். இன்னொரு தடவ எடுத்துடலாம். மேடம் வர இன்னும் நேரம் இருக்குது. நான் வாயே தொறக்க மாட்டேன். சத்தியமா. நீங்க வேணும்னா இந்த துப்பட்டாவால என் வாயக் கட்டிடுங்க. தமிழ்மாறன் மாதிரி, ஆடு மாதிரி உக்காந்திருக்கேன். எனக்கு இப்பதான்க்கா வெளங்குது, அந்த நீலம். அந்தக் கடலு பூரா நான்தானா? நிலாவுக்கும் அப்பிடித்தானா? அது அந்தப் பூனையப் பத்தி என்கிட்டதான் மொதல்ல சொல்ல வந்திருக்கும், நான் சாக்குக் கடக்காரர் மாட்ட நடுவுல வுட்டு… எங்க புகழு. அய்ய, எங்க புகழு நாலு வருஷம். எங்கம்மா அம்மனுக்கு வெச்ச பொங்கல்லாம்… இத வீட்ல எப்பிடி சொல்றது? சொல்லத்தான் எவனாவது வுடுவானா அந்த வீட்ல? நான் வாயத் தொறந்தா எங்கக்கா ஆரம்பிச்சிடுவா, அவள அடக்குறதுக்குள்ள பெரியம்மா. யாரு ஒருத்தரும் இன்னொருத்தர ஒரு நிமிஷம் பேச வுடறதில்லக்கா எங்க வீட்ல, அதான் எனக்கும்… நான் பேச்ச வுட்டேன்னா அந்த எடத்த வேற யாராவது புடிச்சிடுவாங்கன்னு ஒரு பயம், பஸ்ஸுல கர்ச்சீப் போடற மாதிரி போட்டு வெச்சிடறது. மேடம் சொல்றது சரிதான், நான்தான்… இந்தத் தடவ பாருங்க, ‘ம்’, ‘அப்பறம்’, அதத் தவிர வேற எதுவும் என் வாயிலேந்து வராது, வந்துச்சுன்னா நானே இந்த மிஷினத் தூக்கி அந்த மரக் கெணத்துக்குள்ள போட்டுட்டு…

அக்கா?

எங்க… புள்ளையும் காணோம், ஃபைலும் காணோம். படியில செருப்புச் சத்தம் கேக்குது. சொல்லாமப் போயிட்டாங்க. எப்பிடி சொல்லிக்கினு போவாங்க, நான் எங்க வுட்டேன்.

சரி மணிமொழி. பொம்மையத் தொடை. கோழி வாலு காஞ்சிருக்குது. அதக்கூட கடிக்கல அவன். பேசத்தான் வந்திருக்கான்.

…

என்ன கண்ணா, திரும்பி வந்துட்ட? அம்மா எங்க, கீழயா? பஸ்ஸா? பஸ்ஸு கெணத்துக்குள்ளயேதான் கீது, யாரும் எடுக்கல. நீதான போட்ட, ஏன் போட்ட, பஸ்ஸுக்கு இன்னா…

…

இரு கண்ணா, ஒரு நிமிஷம், அக்கா மிஷினப் போட்டு…

…

இல்ல. ஒண்ணுமில்ல. மிஷின் கெடக்குது. நீ சொல்லு.

…

ம்.

…

ம்.

…

ம்… அப்பறம்?